நாளைக்கு வேலை, இன்னிக்கு மொட்டை

— எதுக்குடி முக்காட்ட இழுத்து இழுத்து விட்டுகினே இருக்க? எடு அத.

— வேணாங்கா. காத்து அடிக்குது.

— கரண்டே இல்ல, ஃபேனு நின்னு போய் கெடக்குது. எந்த ஊரு காத்துடி? தேவயானி, எடுன்றேன்ல.

— எடுத்தா கத்த மாட்டேன்னு சொல்லுங்க.

— இந்த அபிகாயிலு என்னிக்குடி கத்தியிருக்கா?

— தோ… எடுத்துட்டேன்.

— ஏசப்பா! என் ஆண்டவரே! இன்னாடி இது!

— கத்த மாட்டேன்னீங்களே அக்கா.

— இது கத்தறது இல்லடி, ஜெபம்! எங்கடி முடி? நேத்து இதே நாற்காலில குந்திகினு பின்னி பூ வெச்சி காட்டினியே! இடுப்புக்கு கீழ தொங்குச்சே!

— மலையில இருக்குது. விடிஞ்சதும் போய் எறக்கிட்டேன். வேண்டுதல்.

— நாளைக்கு காலைல பரந்தாமன் அண்ணன் பொடவை கடையில வேலைக்கு சேரணும். இன்னிக்கு மொட்டை. ஏண்டி, மூளையயும் சேத்து எறக்கிட்டியா?

— வேண்டிக்கினது பலிச்சா குடுத்துடணுங்கா. தள்ளிப் போட்டா முருகரு கோச்சிக்குவாரு.

— முருகரு கோச்சிக்குவாரு, பரந்தாமன் அண்ணன் கோச்சிக்க மாட்டாரா? எப்டி வர சொன்னாரு உன்ன? உன் வாயால சொல்லு.

— தலைய பின்னி, மல்லி வெச்சிகினு, சிரிச்ச மூஞ்சா வரணும்னாரு. சிரிச்ச மூஞ்சி இருக்குதுக்கா.

— அடிப்பேன். ஏறி எறங்கின கடையெல்லாம் உன்ன வேணாம்னாங்க. வாய தெறந்தா சத்தம் வரல, ஆள பாக்க சொன்னா தரைய பாக்கறான்னாங்க. நானும் கூட வேலை செய்யற நேசகுமாரும் இந்த ஆபீசுலயே பொடவை வாங்க வந்தவங்க மாதிரி நடிச்சி நடிச்சி உன்ன பேச வெச்சோம். வேலை இல்லாதவங்களுக்கு வேலை தேடி குடுக்கறதுதாண்டி எங்க டிரஸ்டு. கெடச்ச வேலைக்கு காவலும் நாங்கதான் நிக்கணுமா?

— நேசகுமார் சாரு எந்த பொடவைய காட்டினாலும் மூக்க சுளிப்பாரு. கடைசில வேட்டி கேட்டாரு பாருங்க…

— சிரிக்காத! செங்கல் சூளைய மூடிட்டாங்கன்னு உன் வீட்டுக்காரன் சும்மா குந்திகினு இருக்கான். இந்த வேலையும் போனா அடுப்பு எரியுமா? வளவனாச்சும் தடுக்க வேணாமா உன்ன?

— அவரா? தொணைக்குன்னு அவரும் போட்டுகினாரு.

— குடும்பமே! சரி, ஒரு சவுரி வாங்கி வெச்சா?

— சவுரி முடியறதுக்கு கொஞ்சமாச்சும் முடி வேணும்கா.

— அப்ப அவருக்கு போன போடறேன். உனக்கு காய்ச்சல், ஒரு வாரம் கழிச்சி வருவான்னு சொல்லிடறேன்.

— ஒரு வாரத்துல மொளச்சிடுமா?

— வாய மூடு, ரிங்கு போவுது. ஸ்பீக்கர்ல போடறேன். நீ மூச்சு விடக் கூடாது… அண்ணே, வணக்கம். டிரஸ்டுலேர்ந்து அபிகாயிலு பேசறேன்.

— ஆங், சொல்லும்மா. பரந்தாமன்தான். நாளைக்கு பொண்ண அனுப்பறீங்கல்ல?

— அது வந்துண்ணே… நம்ம தேவயானிக்கு லேசா காய்ச்சலு…

— காய்ச்சல்லாம் இல்லண்ணா! நான் மொட்டை போட்டுட்டேன்!

— அய்யோ, போன குடுடி!

— இரும்மா அபிகாயிலு, நீ இரு. யாரு, அந்தப் பொண்ணா? மொட்டையா? எந்த கோயிலுக்கு?

— நம்ம திருத்தணி மலைக்குதாண்ணா. முடிதாண்ணா இல்ல. மத்ததெல்லாம் இருக்குது. மடிப்பு கலையாம பிரிச்சி போடுவேன், பிரிச்சத திருப்பி மடிப்பேன். வாங்கம்மா, உக்காருங்கம்மா, இன்னா கலர்ல காட்டட்டும்?

— யம்மாடி, காது போச்சி! என்னைய பாத்து பேசினப்போ இந்த கொரலு எங்க இருந்துது?

— அன்னிக்கு பயம்ணா. இன்னிக்கு வேலை போயிடுமோன்னு அத விட பெரிய பயம்.

— கேளு இங்க. எங்க நைனா கடை தெறந்த காலத்துலேர்ந்து இதே ரோதனை. மலையிலேர்ந்து எறங்கற பொம்பளைங்கள்ல பாதி பேரு மொட்டை. கடைக்குள்ள ஆசையா வருவாங்க, பொடவைய தோள் மேல போட்டு கண்ணாடிய பாப்பாங்க. உடனே மூஞ்சி வாடிடும். முடி வளரட்டும், அப்பறம் வாங்கிக்கறோம்னு திருப்பதி பஸ்ஸ புடிச்சி போயிடுவாங்க. நான் இன்னா பண்றது, எனக்கும்தான் வழுக்கை, அதுக்குன்னு நானா பொடவைய கட்டிகினு நிக்க முடியும்?

— நான் நிக்கறேண்ணா!

— அதத்தான் சொல்றேன். நல்ல அரக்கு பட்டு ஒண்ணு எடுத்து தரேன். கட்டிகினு, தலைல சந்தனம் பூசிகினு, கண்ணாடியாண்ட நில்லு. உன்ன பாத்தா அவங்களுக்கும் தைரியம் வரும்.

— அப்போ… வேலை இருக்குதாண்ணே?

— ஏம்மா அபிகாயிலு, இவ்ளோ நேரம் இன்னா கத பேசிகினு இருந்தேன்? காலைல கடை தெறக்கறதுக்கு முன்னாடி வந்துட சொல்லு. கல்லாவுல ஆளு நிக்குது, வெச்சிடறேன்.

— ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்! தண்ணி சொம்ப எடு.

— மெதுவாக்கா, மேல கொட்டிக்கினீங்க.

— கொட்டட்டும். தலைய காட்டு இப்டி… நல்லாதாண்டி இருக்குது, பாவி, பலாக்கொட்டை மாதிரி. ஆனா எனக்கு ஒரு வருத்தம். பேச சொல்லி குடுத்தது நானு. வெயில்ல கடை கடையா அலைஞ்சது நானு. வேலை வாங்கி குடுத்தது நானு. நோவாம முடிய வாங்கிகினது மட்டும் உங்க முருகரா?

— அய்யே, என் வேலைக்குன்னு யாருக்கா வேண்டிக்கினா?

— பின்ன? இன்னாத்துக்குடி இந்த மொட்டை?

— போன மாசம் பின்னாடி ரூம்ல மெட்ராஸ் ஆபீசுகாரங்களாண்ட போன்ல அழுதுகினு இருந்தீங்களே, திருத்தணி ஆபீச மூடிட்டா இந்த வயசுல நான் எங்க போயி வேலை தேடறதுன்னு. மூடலயாம், நீங்க இங்கயேதானாம்னு நேத்து சாயந்திரம் நேசகுமார் சாரு சொன்னாரு. எங்களுக்கெல்லாம் வேலை தேடி குடுக்க நீங்க இருக்கீங்க, உங்களுக்கு தேட யாருக்கா இருக்கா? அதான் முருகராண்ட சொல்லி வெச்சேன்.