ஜெபம் வராத நாளிலும் கோரிப்பாளையம் போய்வந்த சுகிர்தம் அம்மையாருக்கு

அன்பும் அடக்கமும் அணிகலனாய்ப் பூண்ட அம்மையீர்,

வைகையில் வெள்ளம் புரண்ட நாளிலும், வைகாசி வெயில் வாட்டிய நாளிலும் வழி மாறாது நடந்து, கோரிப்பாளையத்தில் வீட்டைவிட்டு வெளிவராத பெண்களுக்கு எழுத்தறிவும் வேதமும் எடுத்துரைத்து, இருபத்தாறு ஆண்டுகள் எங்களுக்கு மூத்த சகோதரியாய் விளங்கி, இன்று பணி ஓய்வு பெறும் தங்களை வாழ்த்தி வழியனுப்பக் கூடியுள்ளோம்.

பாராட்டு எதுவும் வாசிக்கலாகாது என்று தாங்கள் தடுத்தீர்கள். நாங்கள் விடாமல் கேட்டபின், "அப்ப லத்தீபா வீட்டுல நான் சொன்னதையும் சேத்து எழுதுங்க. அத விட்டுட்டு எழுதுனா எனக்குக் கூசும்" என்றீர்கள். தங்கள் விருப்பப்படியே எழுதுகிறோம்.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன், பர்மாவில் ரங்கோனில் குண்டு விழுந்து ஜனங்கள் கால்நடையாய்க் கிளம்பியபோது, அங்கிருந்த தங்கள் ஒரே மகன் தேவசகாயமும் அக்கூட்டத்தில் புறப்பட்டார். அவருக்காகத் தாங்கள் உபவாசித்தீர்கள், முழங்காலில் நின்றீர்கள், நாங்களும் உடன் நின்றோம். மழைக்காலம் பிறந்தபின், அவரோடு நடந்து வந்த பரவை முத்திருளன் தங்கள் வாசலில் வந்து நின்றார். "அண்ணன் வழியிலயே காச்சல்ல படுத்துட்டாரும்மா. அங்கனயே அடக்கம் பண்ணிட்டுத்தான் வந்தோம்" என்றார்.

மறுவாரமே தாங்கள் ஊழியத்துக்குப் போனீர்கள். திடமான விசுவாசம் என்று நாங்கள் மெச்சிக்கொண்டோம். தங்கள் உள்ளம் வறண்டு கிடந்ததை நாங்கள் அறியோம்.

அன்று, தங்களிடம் பாடம் படிக்கும் லத்தீபாவின் மகள் சாதிகா காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தாள். "டீச்சரம்மா, ஒங்க மகனுக்காக நாங்களும் துஆ கேட்டோம். இப்ப எம்புள்ளைக்கு நீங்க ஒரு ஜெபம் சொல்லுங்க" என்று லத்தீபா கெஞ்சினார். தாங்களோ, "கேக்குறதுக்கு அங்க யாரும் இல்லம்மா" என்று சொல்லி, குழந்தையை அப்படியே விட்டு எழுந்து வெளியேறினீர்கள்.

அதன்பின் அந்தத் தெருப்பக்கம் போக வெட்கம் தடுத்தது. காய்ச்சலில் விட்டுவந்த குழந்தை என்ன ஆனதோ என்ற கவலை உறங்கவிடவில்லை. கடைசியில் ஒருநாள் லத்தீபாவின் வாசலில் போய் நின்றீர்கள். உள்ளே கால் வைக்கத் துணியவில்லை.

"உள்ள வாங்க டீச்சரம்மா. சாதிகா எந்திரிச்சு ஓடியாடுறா. அன்னிக்கி நீங்க சொன்னத நான் யாருட்டயும் சொல்லல" என்றார் லத்தீபா.

"எனக்கு இன்னமும் ஜெபம் வரலம்மா. வராமத்தான் வந்து நிக்கிறேன்."

"வர்றப்ப வரட்டும். இப்ப பாடத்த எடுங்க" என்று அவர் பாய் விரித்தார்.

அந்த மாத ஊழியர் கூட்டத்தில் தாங்களே எழுந்து இதனை எங்களுக்குச் சொன்னீர்கள். "என்னய வேலைலருந்து எடுத்துருங்க" என்றீர்கள். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தங்களை யாரும் குற்றவாளியென்று எண்ணவில்லை, அம்மையீர். மனம் காய்ந்து, வாய் மட்டும் வசனம் பேசிய நாட்கள் எங்கள் ஒவ்வொருவருக்கும் உண்டு. அதனை ஒப்புக்கொள்ளும் துணிவு எங்களுக்கு இல்லாததால் தரையைப் பார்த்திருந்தோம். அருமையாய் ஜெபிப்பவர்கள் என்று பெயரெடுத்த நாங்கள், அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல், தங்களைத் தனியே வெட்கப்பட விட்டோம்.

வேலையை விடாதிருங்கள் என்று மட்டும் கண்காணிப்பாளர் அம்மாள் சொன்னார். தாங்களும் விடவில்லை. பற்றிக்கொள்ள ஆறுதல் ஏதுமின்றி, பதில் வரும் என்ற உறுதியுமின்றி, அவ்வளவு தூரமும் நடந்தீர்கள். சோர்ந்த காலோடும் சுமை நிறைந்த நெஞ்சோடும் தாங்கள் நடந்த அந்நடையையே நாங்கள் விசுவாசம் என்போம்.

பின்னொரு நாள் தாங்கள் எங்களிடம் சொன்னது இது: "சாதிகாவ நல்லா வச்சிரும்யான்னு ஆத்து மணல்ல சொல்லிக்கிட்டே வந்திருக்கேன். கல்பாலத்துக்கிட்ட வந்தப்புறந்தான் தெரிஞ்சது, ஜெபம் பண்ணுறேன்னு."

சொல்லிவிட்டு, பழைய பேச்சை நினைத்து மறுபடி கண்ணீர் விட்டீர்கள். இன்றும் மேடையில் தலை கவிழ்ந்தே அமர்ந்திருக்கிறீர்கள்.

கூட்டத்தில் அன்று சொல்லத் தவறியதை, சபையார் அறியவும், இம்மடலைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டிய பின் வருவோர் போவோர் படிக்கவும், இன்று எழுதிக் கையொப்பமிடுகிறோம்: எங்களுக்கும் ஜெபம் வராத நாட்கள் இருந்தன, இனியும் இருக்கும்.

நடந்து தேய்ந்த தங்கள் பாதங்களுக்கு ஓய்வும், உடலுக்குச் சுகமும், நீண்ட ஆயுளும் கர்த்தர் அருள்வாராக. தலை நிமிர்ந்து அமருங்கள், அம்மையீர். இவ்வரங்கில் நாணவேண்டியவர் தாங்கள் ஒருவர் மட்டுமல்லர்.

மதுரை,
அக்டோபர் 1944

இங்ஙனம்,
தங்களோடு நடந்த
ஊழிய சகோதரிகள்