எதிர்க்காற்றிலும் துறை காத்த பெலிசாரியோ கர்தோசோ அவர்களுக்கு

அலைகடல் சூழ் இபோத் தீவின் அஞ்சா நெஞ்சரே! தராசுத் தட்டில் விரல் வைக்காத தகைமையாளரே! நகரசபைத் துறைமுகத்தை முப்பதாண்டுகள் முறையோடு காத்த முதல்வரே! துறை அதிகாரிப் பணியிலிருந்து ஓய்வு பெறும் தங்களுக்குப் பணிவோடு விடைதருகிறோம்.

கொமொரோ அரிசியும் சான்சிபார் துணியும் எங்கள் தேங்காயும் காப்பியும் கைமாறும் துறை இது. இங்கு வரும் பாய்க்கப்பல் எதுவாயினும், முதலில் தெற்கே தலைநகர் சென்று முத்திரை பெற்றே வரவேண்டும் என ஆளுநர் ஆணையிட்டார். அவ்வாண்டு மழை பொய்த்தது, மரவள்ளி கருகியது. தென்காற்று சீறிய ஒரு நாளில் கப்பல் தலைவர் மக்காமே அரிசியோடு வந்தார். ஆளுநரின் காவல் கப்பல் தளபதி அவரைக் கரையிலேயே மறித்தார்.

"தலைநகர் போய் முத்திரை வாங்கிட்டு வா!"

"எதிர்க்காத்துல எப்படிங்க போறது? நீங்க பின்னால நின்னு பாயை ஊதுங்க, போறேன்!"

கரையே சிரித்தது. தாங்கள் சிரிக்கவில்லை. முழங்கால் நீரில் இறங்கி, முதல் மூட்டையைத் தாங்களே தோளில் ஏற்றினீர்கள்.

"இது இபோ நகரசபையோட துறை. இங்க எது இறங்கணும்னு நாங்கதான் சொல்லுவோம். பிடிக்கிறதா இருந்தா என்னைப் பிடிங்க, அரிசியைத் தொடாதீங்க."

பிடித்தார்கள். ஊரில் உலை கொதித்தது. தங்களுக்குக் கோட்டைச் சிறை வாய்த்தது. தங்கள் பதவியை ஏற்குமாறு எங்களை ஒவ்வொருவராய் அழைத்தார் ஆளுநர், ஒருவரும் ஏற்கவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லும்படி துணைவியார் தோனா எர்மீனியாவிடம் தூது வந்தது. "மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வந்தா வீட்டுக் கதவு திறக்காதுன்னு அவர்கிட்டயே சொல்லுங்க" என்றார் அம்மையார்.

அதிகாரி இல்லாத துறையில் வரி வசூலும் நின்றது. மழைக்காலம் கழிந்ததும் ஆளுநர் இறங்கி வந்தார்: தானியம் நேரே இபோவில் இறங்கலாம், துணியும் தந்தமும் தலைநகர் வழியேதான். பாதி வெற்றி. எலும்பும் தோலுமாய்த் திரும்பிய தாங்கள், "மீதியையும் வாங்குவோம்" என்றீர்கள். மறுநாளே பணிக்கு வந்து, தாமதமாக வந்த எங்களைக் கடிந்துகொண்டீர்கள்.

சென்ற வாரம், நகரசபையின் துறை உரிமையையே பறிக்கும் புதிய ஆணை வந்தது. மறுத்து எழுதி நாங்கள் அனைவரும் ஒப்பமிட்டோம். தாங்களும் பேனாவைக் கேட்டீர்கள், நாங்கள் தரவில்லை. "நீங்க உங்க சிறையைப் பாத்துட்டீங்க ஐயா. இது எங்க முறை."

பெருந்தகையே! அம்மையாரோடு நோயின்றி, குறையின்றி நெடுங்காலம் வாழ்க! துறையை விடமாட்டோம்.

இங்ஙனம்,
இபோ நகரசபைத் துறைமுகப் பணியாளர்கள்