விட்டத்து மிளகு முடிச்சு

இந்த வீட்டில் ஒரே ஒரு குறை, கூரை தாழ்வு. நான் ஒன்றும் நெட்டையன் இல்லை. ஏற்காட்டு எஸ்டேட்டில் கூலிக் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தபோது மானேஜர் என்னைக் காபிச் செடிகளுக்கு நடுவே குரல் கொடுத்துத்தான் கண்டுபிடிப்பார். அப்படிப்பட்ட எனக்கே நிமிர்ந்தால் விட்டம் இடிக்கிறது. மற்றபடி சொர்க்கம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கீழே சேலம் முழுவதும் தெரியும். மழை விட்ட மறுநாள், சேலத்தில் யார் வீட்டுக் கொடியில் என்ன புடவை காய்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவேன்.

இங்கே காலை நீட்டிக் காபி குடிக்கிற ஆறுமுகம் மஞ்சள் கடுதாசி கொடுத்தவன் என்றால் நம்ப மாட்டீர்கள். நம்புங்கள். அதுவும் வக்கீல் வைக்காமல், நானே மனுப் போட்டு, நானே வாதாடி, சொந்த உழைப்பில் வாங்கிய திவால்.

எண்பத்து நாலாம் வருடம் ரிட்டயர் ஆனேன். சும்மா இருக்கப் பிடிக்காமல் மிளகு வியாபாரத்தில் இறங்கினேன். கொட்டச்சேட்டுப் பக்கம் காடு வைத்திருந்தவர்கள் தங்கள் மிளகை மலையேறி வருகிற வியாபாரிகளிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் கொடுங்கள், சேலத்தில் நல்ல விலைக்கு விற்றுப் பணமாகத் தருகிறேன் என்றேன். நாற்பது வருடம் அவர்களுக்குக் கூலி எழுதிய கை. கொடுத்தார்கள்.

அதிகம் கொடுத்தவள் அத்தாயி. புருஷன் போன பிறகு மகள் கண்ணாயியை வைத்துக்கொண்டு காட்டைக் கட்டிக் காத்தவள். அந்தக் காடும் வீடும் ஒண்டிக்கடை மளிகைக்காரரிடம் அடமானத்தில் இருந்தன. வருகிற பங்குனிக்குள் மீட்காவிட்டால் அவருக்குச் சொந்தம். மிளகுப் பணத்தில் மீட்டுவிடலாம் என்பது அத்தாயியின் கணக்கு. கணக்கில் தப்பு இல்லை. மிளகுதான் கோடவுனில் பூசணம் பிடித்துவிட்டது. மனுவில் அப்படித்தான் எழுதினேன். எழுதியதைத் திரும்பப் படித்தபோது எனக்கே பூசண வாடை அடித்து இரண்டு தும்மல் வந்தது.

முதலில் ஒரு வக்கீலைத்தான் பார்த்தேன். முன்பணம் கேட்டார்.

"திவாலாகப் போறவன்கிட்ட முன்பணமா சார்?"

"ஆன பெறகு உங்ககிட்ட எப்படிய்யா வாங்கறது?"

நியாயமான பேச்சு. கும்பிடு போட்டுவிட்டு வந்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அட்டை போன சட்டப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். ஆறு மாதம் அதையே தின்றேன். சில்வர் ஓக் மரங்களை வரிசையாக நீதிபதிகளாக நிற்க வைத்து வாதாடினேன். ஒரு மரம்கூட என்னை மறுத்துப் பேசவில்லை. புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தனக்குப் பாக்கி வர வேண்டும் என்பதைக் கொடுத்தவர் வந்து மெய்ப்பிக்க வேண்டும். மெய்ப்பிக்காத பாக்கி தள்ளுபடி. அதைப் படித்த அன்று இரண்டு தம்ளர் பாயசம் குடித்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். எனக்கு மிளகு கொடுத்தவர்கள் எல்லாருமே அத்தாயியின் பங்காளிகள். அந்த வீடுகளுக்குள் ஒரு வழக்கம். அவர்கள் எதையாவது சொல்லை நம்பிக் கொடுத்தால், எழுதி வாங்க மாட்டார்கள். கொடுத்ததில் ஒரு பிடி எடுத்து, துணியில் முடிந்து, வீட்டு விட்டத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். பாக்கி தீர்ந்த அன்று வாங்கியவன்தான் வந்து அதைக் கழற்ற வேண்டும். கொடுத்தவர் கை வைக்கக் கூடாது. முடிச்சு தொங்கும்வரை, வெளியார் காதில் விழும்படி கொடுத்தவர் அந்தப் பாக்கியை வாயால் சொல்லவும் கூடாது. சொன்னால் தீர்ந்துபோனதாக அர்த்தம்.

நாற்பது வருடம் பழகியவன் நான். எனக்குத் தெரியாதா.

ஆகவே, எந்தத் திவால்காரனும் செய்யாத ஒன்றைச் செய்தேன். யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று ஒரு பைசா மறைக்காமல் மனுவில் எழுதினேன். எல்லாருக்கும் நோட்டீஸ் போக வேண்டும் என்று கெஞ்சினேன். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இவ்வளவு நாணயமான திவால் மனு இந்தக் கோர்ட்டுக்கு வந்ததில்லை" என்றார். என் பேச்சைக் கேட்கப் பக்கத்துக் கோர்ட்டில் நடந்த கொலை கேஸ் கூட்டம் முழுவதும் இங்கே வந்துவிட்டது. கொலை செய்தவரும் வந்திருப்பார், போலீஸ்காரர் விடவில்லை.

வாய்தாவுக்கு வாய்தா அத்தாயியும் என்னுடன் அதே பஸ்ஸில்தான் வருவாள். கொண்டை ஊசி வளைவுகளில் தலை சுற்றும் என்று எனக்கு ஆரஞ்சு உரித்துத் தருவாள். டிக்கெட்டும் அவளே எடுப்பாள். திவாலாகிறவன் கையில் காசு புரளக் கூடாதல்லவா. கோர்ட்டும் சட்டமும் அவளுக்குப் புரியவில்லை. நான் யாரோ ஒருவன் மேல் கேஸ் போட்டு அவள் பணத்தை மீட்கப் போராடுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. நினைப்பு அவளுடையது.

"ஏனுங்க ரைட்டருங்க, கேசு செயிச்சிருவீங்களா? பங்குனி நெருங்குதுங்களே."

"செயிச்சிருவேன் அத்தாயி. நீ வேற எங்கயும் கைமாத்துக் கேட்டு அலையாத."

"சேர்வராயனுக்குத் தேங்கா வேண்டியிருக்கறனுங்க. நீங்க செயிச்சா ஒடைக்கறேன்."

எனக்கு எதிரான கட்சிக்காரி என் வெற்றிக்குத் தேங்காய் வேண்டிய கேஸ் இந்தியாவிலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மலையில் மண் சரிவு என்று நான் வாய்தா வாங்கிக்கொண்டே இருந்தேன். மண் சரிந்ததாக நான் சொன்ன தேதிகளைக் கூட்டினால், ஏற்காடு இப்போது சேலத்துக்குச் சமமட்டத்தில் இருக்க வேண்டும்.

கடைசியாக மாசியில் விசாரணை. அத்தாயி கூண்டில் ஏறினாள். அவள் கொழுந்தன் வெள்ளையன் கீழே நின்றான். முன்கோபி. மலைக்குக் கீழே கீழ்நாட்டுச் சனங்களோடு பழகியவன், முடிச்சு வழக்கத்துக்கு அவ்வளவாகக் கட்டுப்படாதவன்.

"இவர் உனக்கு எவ்வளவு தரணும்மா?" என்றார் நீதிபதி.

அத்தாயி தரையைப் பார்த்தாள்.

"அய்யா கேக்கறாரில்ல, சொல்லும்மா. இங்க சொன்னாத்தாம்மா கெடைக்கும்" என்றார் டவாலி. நல்ல மனிதர். அவரால் கேஸ் கெட்டுவிடுமோ என்று நான் இரண்டு தடவை இருமிப் பார்த்தேன்.

வெள்ளையன் முன்னால் வந்தான். "நான் சொல்றனுங்க சாமி. இந்த ரைட்டரு எங்க அண்ணி கிட்ட..."

"வெள்ளையா, வாய மூடு" என்றாள் அத்தாயி. சத்தம் போடவில்லை. "முடிச்சு தொங்குதுடா. ஊட்டுக் காரியத்த நாலு பேரு முன்னால போட்டு ஒடைக்காத. ரைட்டரு பாத்துக்குவாரு."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஏனுங்க, நீங்க சோறுதானே திங்கறீங்க?"

நான் எழுந்தேன். "கனம் கோர்ட்டார் அவர்களே, பாமர சனங்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டேன். என் இரக்கத்தைக் கண்டு ஜூனியர் வக்கீல் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். சளியாகவும் இருக்கலாம். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறினார்கள், தரையைப் பார்த்தார்கள், இறங்கினார்கள். எல்லாப் பாக்கியும் மெய்ப்பிக்கப்படாமல் தள்ளுபடி. ஒரு ஓட்டை சைக்கிளும் சுவர்க் கடிகாரமும்தான் என் சொத்து. ஏலம் எடுக்க ஆள் வரவில்லை. எனக்கு விடுதலை.

பங்குனி வந்தது, போனது. காடும் இந்த வீடும் மளிகைக்காரருக்குப் போயின. அவருக்கு மளிகை தெரியும், மண் தெரியாது. வந்த விலைக்கு விற்றார். என் மகள் செல்வி பெயரில் வாங்கினோம். பணம் ஏது என்று கேட்பீர்கள். அந்த வருடம் மிளகுக்கு நல்ல விலை. பூசணம் என்றது மனுவுக்காக. ஒரு மணி வீணாகவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மறைத்துப் பழக்கமில்லை. அத்தாயிக்கு அந்த அடமானப் பத்திரத்தை எழுதிக் கொடுத்தவன் நான். பங்குனி என்று கெடு போட்டது என் யோசனை. இந்த வாசலிலிருந்து தெரிகிற சேலத்தை எஸ்டேட்டில் சேர்ந்த புதிதிலேயே பார்த்து வைத்துவிட்டேன். மிளகு வியாபாரம், திவால் எல்லாம் அதற்கப்புறம் யோசித்ததுதான்.

அத்தாயி சாமான்களைக் கட்டிக்கொண்டு வாழவந்திக்குக் கிளம்பிய அன்று கூடமாட எடுத்துக் கொடுத்தேன். விட்டத்தில் அந்த முடிச்சு தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக்கொண்டு போ என்றேன்.

"அது எப்படிங்க? நீங்கதானே கழட்டோணும்."

இப்போது அவள் இந்தக் காட்டில்தான் எனக்கு மிளகு பறிக்கிறாள். சனிக்கிழமை தவறாமல் கூலி கொடுத்துவிடுகிறேன். எஸ்டேட் கூலியைவிடக் கொஞ்சம் குறைவு. பழகின இடத்தில் வேலை செய்கிற சந்தோஷத்துக்கும் ஒரு விலை உண்டல்லவா. கூலி வாங்க வரும்போது வாசலில் நின்று விட்டத்தை ஒரு தடவை பார்ப்பாள். அவ்வளவுதான். திட்டவில்லை, சாபம் விடவில்லை. மன்னித்துவிட்டாள் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை கண்ணாயியும் கூட வந்திருந்தாள். கூலியை எண்ணி மடியில் வைத்துக்கொண்டு கண்ணாயி கேட்டாள்: "ஏனுங்க, இன்னுமா கழட்டலீங்க?"

கோர்ட்டே தீர்த்துவைத்த பாக்கி. அந்த முடிச்சுக்கு நான் பயப்படுகிறேன் என்று அந்தப் பெண் நினைத்துவிடக் கூடாது. ராத்திரி கட்டிலில் படுத்தால் நேரே அதுதான் தெரிகிறது, காலையில் எழுந்து நின்றால் அதுதான் நெற்றியில் இடிக்கிறது. இடைஞ்சல் என்று நானும் எடுத்துவிடத்தான் பார்க்கிறேன். கண்ணாயியிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஏணிதான் இன்னும் கிடைக்கவில்லை.