ஜெயராம் அண்ணா ஏற முடியாத வண்டி

உங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் காபி நன்றாக இருக்கிறது, டாக்டர் ஜெஸ்ஸி. ஹைதராபாத்தில் ஆஸ்பத்திரிக் காபி இந்தத் தரத்தில் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆபரேஷனுக்குப் போகும் முன்னால் என்னோடு பேச ஒப்புக்கொண்டதற்கு நன்றி. நீங்களும் தமிழ் என்பது என் அதிர்ஷ்டம். எனக்குத் தெலுங்கில் காய்கறி வாங்க வரும். இந்த மாதிரி விஷயம் பேச வராது.

நேற்று எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டீர்கள். “மாடிப்படி ஏறுறார், சம்மணம் போட்டு உட்கார்றார். பிக்கப் வண்டியில மட்டும் ஏற முடியலைன்னா எப்படி?” நான் அப்போது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நான் பாதுகாப்புத் துறை நிறுவனம் ஒன்றின் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பெயர் பத்ரிநாராயணன். திருமுல்கேரியில் வீடு. மொட்டைமாடியில் தோட்டம் போட்டிருக்கிறேன். மண், உரம், தொட்டி எல்லாம் ஏற்றிவரப் பழைய பிக்கப் ஒன்று வாங்கினேன். முன்னால் இரண்டு பேர், பின் சீட்டில் மூன்று பேர், அதற்கும் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த பெட்டி. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கிற டூ வீல் டிரைவ் வண்டி. நான் மலை ஏறப் போவதில்லை. எனக்கு அது போதும்.

உள்ளே படுத்திருக்கும் ஜெயராம் அண்ணா, என் மனைவி ரமணியின் அக்கா கணவர். ரயில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். மெட்டுகுடாவில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். மூவருமாக மோண்டா மார்க்கெட் போவோம். அவர் முன் சீட்டில், ரமணி பின் சீட்டில். மிக நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்மேல் வெறுப்பு என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

ரயில் எஞ்சினில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் கண்ணில் பட்டதும் டிரைவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்வார், உதவி டிரைவர் அதைத் திருப்பிச் சொல்வார். பல உயிர்களைக் காப்பாற்றிய வழக்கம். பிக்கப்பில் அது தேவையா என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு.

“சிக்னல் ரெட்!” என்பார்.

“பார்த்தேன் அண்ணா.”

“பார்த்தேன்னு சொல்லப்படாது. ரெட்னு திருப்பிச் சொல்லணும்.”

“ரெட்.”

“அப்படிச் சொல்லு.”

வேகத்தடை வந்தால் “காஷன், பதினஞ்சு!” என்பார், பதினைந்து கிலோமீட்டர் வேகத்துக்குக் குறை என்று அர்த்தம். எருமை குறுக்கே வந்தால் “விசில்!” என்பார். நான் ஹார்ன் அடிக்க வேண்டும். பேட்னி சிக்னலில் ஒரு நாள் அவர் “க்ரீன்!” என்று கத்தியபோது எனக்கு வாய் திறக்கச் சற்றுத் தாமதமாகிவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த ஆட்டோக்காரன் “க்ரீன்!” என்று திருப்பிச் சொன்னான். “ஷபாஷ்” என்று ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். வண்டி என் பெயரில் இருக்கிறது, டாக்டர். ஓட்டுகிறவன் நான். அந்த ஆட்டோக்காரன் கண்ணில் நான் உதவி டிரைவர். அதிலும் சரியாக வேலை செய்யாத உதவி டிரைவர்.

அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பெரியவர், மனசு புண்படும். யார் மனசையும் நோகடிப்பது என் சுபாவத்தில் கிடையாது. அதனால் வண்டியை உயர்த்துவது என்று முடிவுசெய்தேன்.

மழைக் காலத்தில் சுரங்கப் பாலத்தில் தண்ணீர் நிற்கிறது என்று ரமணியிடம் காரணம் சொன்னேன். அது உண்மைதான். நான் எதைச் செய்தாலும் உண்மையான காரணம் ஒன்று வைத்துக்கொள்வேன்.

எவ்வளவு உயர்த்துவது என்பதை ஊகத்தில் விட எனக்கு மனமில்லை. ஸ்டோர்ஸில் இருந்தவன், அளக்காமல் எதையும் வாங்கியதில்லை. ஒரு ஞாயிறு அண்ணாவை மொட்டைமாடிக்கு அழைத்துப்போனேன். சிமென்ட் கற்களை அடுக்கி, “இது மேல ஏறிப் பாருங்கோ, தக்காளி கொத்து கொத்தா தெரியும்” என்றேன். ஏறிப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். இன்னொரு கல் வைத்து, “இங்கேருந்து புடலங்காய் தெரியும்” என்றேன். அதிலும் ஏறினார். அடுத்த கல்லில் காலைத் தூக்கியவர் சுவரைப் பிடிக்கக் கையை நீட்டினார். “போதும்டா பத்ரி, காய் நன்னாத்தான் இருக்கு” என்றார். அவர் இறங்கிப் போனதும் டேப்பால் அந்த உயரத்தை அளந்துகொண்டேன்.

போயின்பள்ளிப் பக்கம் மொயின் பாய் என்று ஒரு மெக்கானிக். வண்டி உயர்த்துவதில் கைதேர்ந்தவர். ஒரு அங்குலம், இரண்டு அங்குலம், நாலு அங்குலம் என்று மூன்று வகை சாமான் எடுத்துப் போட்டார். முன் ஸ்பிரிங்குக்கு மேலே வைக்க ஒரு வளையம். பின்னால் பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவே வைக்க ஒரு கட்டை. “டூ வீல் டிரைவ் ஹை சாப். தோ இஞ்ச் பஸ். ஜாஸ்தி நக்கோ” என்றார். இரண்டு அங்குலம் போதும், அதிகம் வேண்டாம் என்று அர்த்தம். இரண்டு அங்குலத்துக்கு மேல் போனால் வளைவில் வண்டி ஆடும், டயர் ஒரு பக்கமாகத் தேயும், பிரேக் குழாய் இழுபடும். நாலு அங்குலம் வெறும் பகட்டு. ஒன்று எனக்குப் போதாது. என் டேப் அளவோடு கூட்டிப் பார்த்தபோது இரண்டே சரியாக வந்தது. எதிலும் மிதமாக இருப்பது என் வழக்கம்.

இடது பக்கம் ஏறுவதற்கு ஒரு கால்படி இருந்தது. அதைக் கழற்றச் சொன்னேன். கதவுக்கு உள்ளே பிடித்து ஏறும் கைப்பிடியையும் எடுக்கச் சொன்னேன். வலது பக்கத்துப் படி அப்படியே இருக்கட்டும் என்றேன். நானும் ரமணியும் ஏற வேண்டுமே. மொயின் பாய் வண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வேலையை ஆரம்பித்தார்.

அடுத்த ஞாயிறு அண்ணா வந்து வழக்கம்போலக் கதவைத் திறந்து காலைத் தூக்கினார். எட்டவில்லை. சிரித்துக்கொண்டே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடியும் தூக்கினார். கை கைப்பிடியைத் தேடியது. அது அங்கே இல்லை.

“ஏன்னா, வண்டி ரொம்ப ஒசந்துடுத்தா?” என்று ரமணி கேட்டாள்.

“ஸ்பிரிங் மாத்தினேன். ஏதோ துளி ஒசந்திருக்கும்” என்றேன்.

அண்ணா தன் முழங்காலைக் குனிந்து பார்த்தார். “துளிதான்னா, அப்போ என் கால்தான்” என்றார்.

நான் ஆமாம் என்று சொல்லவில்லை, டாக்டர். இல்லை என்றும் சொல்லவில்லை.

ரமணி உள்ளே போய் பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்தாள். “அத்திம்பேர், இது மேல கால வெச்சு ஏறுங்கோ.” அவர் முகம் மாறிவிட்டது. “எஞ்சின் ஏணியில ஒத்தக் கையால தொங்கிண்டு ஏறினவன் நான். என்னைப் போய் ஸ்டூல் போட்டு ஏத்தறியா ரமணி?” ஸ்டூலை அவர் தொட மாட்டார் என்பது எனக்கு முன்பே தெரியும். அதையும் கணக்கில் சேர்த்திருந்தேன். பின் சீட்டில் ரமணி பக்கத்தில் உட்காரலாமே என்று நான் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. “நீங்க போய்ட்டு வாங்கோ” என்று கேட்டில் நின்று, ரயில் கார்டு கொடி காட்டுவது போலக் கையை ஆட்டி எங்களை அனுப்பிவைத்தார். நாங்கள் நிம்மதியாகக் கத்தரிக்காய் வாங்கினோம்.

மனிதர் சும்மா இருக்கவில்லை. மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் அவர் மகள் ப்ரியம்வதா, உடற்பயிற்சி வீடியோக்கள் அனுப்பினாள். மெட்டுகுடா பஸ் ஸ்டாப் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தாராம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் நின்று எண்ணினார்களாம். சில வாரங்கள் கழித்து வந்தவர், ஒரே மூச்சில் காலைத் தூக்கி வண்டி விளிம்பில் வைத்துவிட்டார். பாதி உடம்பு உள்ளே போய், பிறகு வழுக்கி இறங்கினார். “பாத்தியா பத்ரி? இன்னும் ஒரே வாரம்” என்றார். கண்ணெல்லாம் வெளிச்சம்.

மறுநாளே மொயின் பாயிடம் போய்ப் பெரிய டயர் கேட்டேன்.

“கைக்கு சாப்?” எதற்கு என்று கேட்டார்.

“ரோட்டில் பள்ளம்” என்றேன்.

“யே காடி ஹை சாப், ஊண்ட் நை” என்றார். இது வண்டி, ஒட்டகம் இல்லை என்று அர்த்தம். டயரை மாட்டினார். இதற்கு மேல் வந்து நின்றால் வேலை எடுக்க மாட்டேன் என்றும் சொன்னார். தொழில் தெரிந்தவர்.

அந்த ஞாயிறு அண்ணாவின் கால் விளிம்பைத் தொடவேயில்லை. காம்பவுண்டுச் சுவர் ஓரமாக உட்கார்ந்து இரண்டு முழங்காலையும் தடவிக்கொண்டிருந்தார். “பயிற்சி பண்ணப் பண்ண மோசமாறதே. இப்படியும் ஒரு வியாதியாடா?” என்றார். ரமணி மோர் கொண்டுவந்தாள், குடிக்கவில்லை. அதற்கப்புறம் அவர் வருவதை நிறுத்திவிட்டார். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை வேறு போக்கிடம் கிடையாது. ரமணியின் அக்கா காலமான பிறகு அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.

எனக்கு அமைதி கிடைத்தது. பேட்னி சிக்னல் பச்சையானபோது வண்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் “க்ரீன்” என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான். யாரும் திருப்பிச் சொல்லவில்லை. ரமணி பின்னாலிருந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். தொண்டை கரகரப்பு என்றேன்.

பிறகு ப்ரியம்வதா போன் செய்தாள். “சித்தப்பா, டாட் சாப்பிடறதே இல்ல. மூட்டு மாத்தியே ஆகணும்னு அடம். யூ ப்ளீஸ் டாக் டு ஹிம்.” பேசினேன். நல்ல டாக்டரை விசாரித்து உங்களிடம் அழைத்துவந்ததும் நான்தான். இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்று நீங்கள் சொன்னீர்கள். கேட்கிற நிலையில் அவர் இல்லை. அட்மிட் ஆனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இல்லேன்னா எனக்கு யாருடா இருக்கா” என்றார். அவருக்குத் தலையணை சரியாக இல்லை என்று நர்ஸிடம் சொல்லி மாற்றிக்கொடுத்தேன்.

ஆக, எக்ஸ்ரேயில் தப்பில்லை. அவர் முழங்காலிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த வண்டியில் அவர் ஏற முடியாதபடி செய்தவன் நான். படியை எடுத்தவன் நான், கைப்பிடியை எடுத்தவன் நான். அவர் கால் தேற ஆரம்பித்தபோது டயரை மாற்றியவனும் நான். இல்லாத வியாதிக்கு அவர் மூட்டை அறுக்கக் கொடுப்பதைப் பார்த்துக்கொண்டு, இங்கே வரைக்கும் ஆட்டோ பிடித்து அழைத்துவந்தவனும் நானே. ஆபரேஷனை நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் தியேட்டருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டேன். மிகவும் நல்லது. அவரிடம் நீங்களே சொல்லிவிடுவதாகச் சொல்கிறீர்கள், அதுவும் நல்லது. இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இன்று காலையில் எதற்கு வந்தீர்கள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி.

எனக்கும் மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறது, டாக்டர். நேற்று சாயங்காலம் நீங்கள் அவர் தோளைத் தட்டி, “பயப்படாதீங்க சார், புது மூட்டு வெச்சா பிக்கப் என்ன, நீங்க மறுபடியும் எஞ்சின்லயே ஏறலாம்” என்று சொன்னீர்களே, அந்த நிமிஷத்தில்தான் அது விழித்துக்கொண்டது.