குவார்ட்டர்ஸில் இருக்கும் கன்னியம்மா

1. சண்டை முடிந்தும் பட்டாளத்திலிருந்து கணவன் லீவில் வரவில்லை.
2. அவனோடு வந்து தங்கக் குவார்ட்டர்ஸ் கேட்டு, கன்னியம்மா அவனுடைய அதிகாரிக்கு எழுதினாள்.
3. பதில் ஆங்கிலத்தில் வந்தது. படித்துச் சொன்ன போஸ்ட்மாஸ்டர் அவளை வாழ்த்தினார்.

இவ்வளவும் திருவாலங்காட்டில் காலை ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இரண்டு பெண்களின் பேச்சிலிருந்து தெரிந்தது. ஒருத்தி கன்னியம்மா. மற்றவள் அவள் கணவனின் அக்கா.

“நான் ஒரு வருசமா அங்கதான் குடித்தனம் பண்ணிக்கினு கீறேனாம், அண்ணி. ஆம்பளப் புள்ள வேற பொறந்துகீதாம்.”

“மெதுவா பேசுடி. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். அவரோட கீற அந்தப் பொம்பளைக்கு வேற பேரா கெடைக்கல? ரேஷன்ல, ஆஸ்பத்திரில, எல்லாத்துலயும் என் பேரு.”

“அவ பேர எழுதினா ரெண்டு பொண்டாட்டின்னு வேலை பூடும். அதான் உன் பேர குடுத்தான்.”



“அப்போ உங்களுக்கு முன்னாடியே தெரியும்.”

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மணவாள நகர் வீடுகள் தெரியத் தொடங்கின.

“தாசில்தார்ட்ட அந்த மனுவ குடுக்காதம்மா. தம்பி ஜெயிலுக்குப் பூடுவான்.”

“அவர் மேல நான் இன்னா எழுதினேன்? கன்னியம்மா திருவாலங்காட்லதான் கீறா, இன்னும் உயிரோட கீறா. அவ்ளோதான் எழுதிகீறேன்.”

திருவள்ளூரில் கன்னியம்மா மனுவோடு இறங்கினாள். அக்கா கையிலிருந்த டிக்கெட்டும் திருவள்ளூர் வரைதான். அவள் இறங்கவில்லை.