அவளுக்கு ஃபார்ம் இல்லையாம்

கரமனை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், ஏதோ அரசு டிபார்ட்மென்ட் கூடைப்பந்து அணியின் சட்டை போட்ட இரண்டு பெண்கள். உயரமானவள் பத்திரிகையை மடியில் ஓங்கி அடித்தாள்.

“நேத்து மேட்ச் முழுக்க எதிர் டீம் ஸ்டார் ஷூட்டரைக் கூடை போடவிடாம மறிச்சது நான். இவன் எழுதியிருக்கான், அவளுக்கு ஃபார்ம் இல்லையாம்!”

“நம்ம ஷீபாவும் டிஃபென்ஸ்தானேடி? அவ போட்டோ வந்திருக்கே,” என்றாள் மற்றவள்.

“ஷீபா, கூடைக்குப் போற பந்தைத் தட்டிவிடுவா. எல்லாரும் கை தட்டுவா. நான் ஷூட்டர் கைக்குப் பந்தே வரவிடலை. வராத பந்தை எவன் போட்டோ எடுப்பான்?”

“விடு. அந்த ஷூட்டருக்குத் தெரியும் அல்லே?”

“தெரியாம என்ன? போன் பண்ணிக் கேட்டாளே, அடுத்த மேட்ச்லயும் என்னை மறிக்க நீதான் வருவியான்னு.”

“பின்னே வேறென்னடி வேணும்?”

“அதைப் பேப்பர்ல போடணும்!”