துளசிங்கம் அண்ணனின் நாளைய முறை

மேடையில் இருக்கும் வழிகாட்டிகள் சங்கத் தலைவர் கிருஷ்ணன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் அண்ணி பூவிழி அவர்களே! வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் கோட்டைக்குப்பத்துச் சொந்தங்களே! பள்ளிவாசல் தெருப் பெரியவர்களே! நாற்காலி காலியாக இருந்தும் கடைசியில்தான் நிற்பேன் என்று நிற்கும் ஏரிக்கரைப் பெண்களே! எல்லோருக்கும் வணக்கம்.

பேருக்கு நான் வார்டு உறுப்பினர். உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் பாலத்தடியில் மீன் வறுத்துப் போடும் வேலம்மாவைத்தான். அந்த வேலம்மாவாகவே பேசிவிட்டுப் போகிறேன்.

நம் ஊர்காட்டி துளசிங்கம் அண்ணன் போய்விட்டார். காலையில் கஞ்சி குடித்தார், இன்னும் கொஞ்சம் நெத்திலி வை என்றார், அண்ணி எடுத்து வருவதற்குள் நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். யாருக்கு வாய்க்கும் அப்படி ஒரு சாவு! அழ வேண்டியதை அழுது தீர்த்தாயிற்று. "இன்னிக்கு யாராவது அழுதா எனக்குக் கெட்ட கோவம் வரும்"னு அண்ணியே உத்தரவு போட்டிருக்கிறார்.

நம் ஊரில் என்ன பார்க்க வருகிறார்கள்? டச்சுக்காரர்களின் கல்லறை. பள்ளிவாசலின் நிழல் கடிகாரம். புதர் மூடிய கோட்டை. கலங்கரை விளக்கம். ஏரியில் பூநாரை. வியாபாரம் செய்ய வந்தவன் என்றைக்கோ போய்விட்டான், அவன் வைத்த கல் நிற்கிறது. அந்தக் கல்லுக்கு வாய் கொடுத்தவர் யார்? முட்டிவலி வந்து ஏரித் தொழிலை விட்ட பிறகு, அதே முட்டியோடு ஊரை நடந்து நடந்து காட்டியவர் யார்? துளசிங்கம்! நம் துளசிங்கம்!

நிழல் கடிகாரத்தை மேகமூட்டத்தில் காட்டவே மாட்டார். "வெயில் வரட்டும், நிழல் வுழுந்தாத்தான் மணி"னு சொல்லி, வந்தவர்களை டீக்கடையில் உட்கார வைத்துவிடுவார். ஒருமுறை மீஞ்சூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் நிழலுக்குக் காத்திருந்து கடைசியில் பஸ்ஸையே விட்டுவிட்டது. அப்புறம் என்ன? அண்ணி வீட்டில் நண்டுக் குழம்பு! கல்லறையை மறந்தாலும் அவர்கள் அந்தக் குழம்பை மறக்கவில்லை. வருடாவருடம் வருகிறார்கள்.

கல்லறை வாசலில் இரண்டு எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறதே, அதற்கு நம் பிள்ளைகள் ஆளுக்கொரு காதல் கதை கட்டி வைத்திருந்தார்கள். அண்ணன் கட்டவில்லை. யாருடையது என்று கேட்டால், "தெரியாதுங்க. ஆனா நம்ம ஒவ்வொருத்தருக்குள்ளயும் ஒண்ணு இருக்குது"னு சொல்லிவிட்டு நடப்பார். கல்லில் எழுதியிருப்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டார். ஏன் என்று கேட்டேன். "பதில் சொல்ல முடியாதவங்களப் பத்தி இஷ்டத்துக்குப் பேசக்கூடாது வேலம்மா" என்றார்.

செத்தவர்களைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அது எவ்வளவு பெரிய பேச்சு என்று பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் பாலத்தின் மேல் ஒரு கூட்டத்தை நிறுத்தி ஏரியைக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே ஜமுனா கழுத்தளவு தண்ணீரில் இறால் தடவிக்கொண்டிருந்தாள். கையால் பிடிக்கிறவர்கள் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள், உங்களுக்குத் தெரியும். வந்தவர்கள் போனை நீட்டி, "அந்தம்மா ஏன் இப்படிக் கஷ்டப்படுறாங்க?" என்று கேட்டார்கள்.  அண்ணன், "அவங்க வாயில கூடை இருக்குது. கரைக்கு வரட்டும், அவங்களையே கேளுங்க" என்றார். எல்லோரையும் காக்க வைத்தார்!

ஜமுனா கரையேறினாள். கூடையை இறக்கினாள். "இன்னா கஷ்டம்? என்னை வேடிக்கை பாத்துக்கினு வெயில்ல நிக்கறியே, அதான் கஷ்டம்" என்றாள். அவ்வளவு சிரிப்பு! அதற்கப்புறம் சேற்றைக் காலால் பார்ப்பது எப்படி, இறால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அவள் சொல்லச் சொல்ல, பூநாரையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அண்ணன் காட்டும் ஊரில் ஜமுனாவின் பேச்சும் ஓர் இடம்.

இந்த ஒரு வருடமாக அண்ணனுக்கு நடக்க முடியவில்லை. அவர் முறை வந்தால் நடந்ததும் பேசியதும் ஜமுனாதான். அவளுக்கும் விரல் முட்டியெல்லாம் வீங்கி, இனி சேற்றில் கைவிட முடியாது. "என் முறையை ஜமுனாவுக்குக் குடுத்துடு கிருஷ்ணா"னு அண்ணன் தன் வாயால் கேட்டார். சங்கம் என்ன சொன்னது? ஏரியில் வலை போடும் பாடு உள்ள குடும்பத்துக்குத்தான் வழிகாட்டி முறை, கையால் பிடிக்கிறவர்களுக்கு எந்தக் காலத்திலும் பாடு இல்லை என்றது.

தலைவர் அவர்களே, இரங்கல் கூட்டத்தில் இதைப் பேசலாமா என்று பார்க்கிறீர்கள். அண்ணன் கூட்டத்தில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

கார் வந்து நின்றால் ஐந்து பேர் ஓடிப்போய் வந்தவர் பையைப் பிடித்து இழுத்த காலம் மறந்துவிட்டதா? ஏரியில் வலை போட யாருக்கு எந்த இடம் என்று சீட்டுப் போட்டுப் பாடு பிரிக்கிறோமே, அதே மாதிரி வழிகாட்டிகளுக்கும் முறை வைக்கலாம் என்றவர் அண்ணன். "மீனுக்குத்தாம்பா பாடு, மனுசனுக்கா?"னு சிரித்தீர்கள். அதற்கு எந்த விதி இருந்தது? ஒன்றும் இல்லை. அவர் சொன்னார், நாம் செய்தோம், சண்டை ஓய்ந்தது. முதல் சீட்டு யாருக்கு விழுந்தது? சிரிக்காதீர்கள் தலைவரே, உங்களுக்குத்தான்!

நாளைக் காலை துளசிங்கம் அண்ணனின் முறை. இதே சீட்டுப்படி வருகிற முறை. அதை யார் நடக்கப் போகிறார்கள்?

அண்ணி எழுந்து நிற்கிறார். பாருங்கள், "ஜமுனா"னு ஒரே வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். தலைவர் அவர்களே? தலையாட்டுகிறார்! எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், தலைவர் தலையாட்டிவிட்டார்! இனி மைக் கொடுத்தாலும் மாற்றிப் பேச முடியாது.

அண்ணா, உங்கள் ஊரை நாங்கள் காட்டுவோம். மேகம் வந்தால் காத்திருக்க வைப்போம். பஸ்ஸை விட்டவர்களுக்கு என் அடுப்பில் சோறு உண்டு, இது சத்தியம். கதை கட்ட மாட்டோம்.

ஆனால் இவ்வளவு நேரம் ஜமுனாவைப் பற்றி நானே பேசிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் இருந்திருந்தால் திட்டியிருப்பார். அவள் வாயில்தான் இப்போது கூடை இல்லையே!

ஜமுனா, முன்னால வா. இந்தா, மைக்கைப் புடி.